கோபுரம் கட்டியவனும் கூலி கேட்டவனும்

கால்பந்தாட்டக் கழகங்களின் வரவு செலவைப் பற்றி எவரேனும் கவலை தெரிவித்தால் உடனே ஒரு மறுமொழி எழுகிறது. பந்து களத்தில் ஆடப்படுவதேயன்றிக் கணக்கேட்டில் ஆடப்படுவதன்று. கோப்பையை வென்ற அணியை வரலாறு நினைவில் வைக்கும், வங்கியில் மிச்சம் வைத்த அணியை எவர் நினைப்பார். சிறந்த ஆட்டக்காரனை விலைக்கு வாங்கத் தயங்குகிற தலைவர் கோழை, கடன்பட்டேனும் வாங்குகிறவரே கனவு காணத் தெரிந்தவர். இவ்வாதம் செவிக்கு இனியது. மைதானத்து ஆரவாரத்தின் நடுவே கேட்கும்போது வீரம் போலவும் தோன்றுகிறது. அது வீரமன்று, ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் முன்னோர் எள்ளி நகையாடிய பழைய தாராளமே என்பது என் வழக்கு.

மறைமாவட்ட இதழில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். கட்டுரையின் போக்கில் அது தானே விளங்கும்.

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கோபுரம் கட்ட எண்ணிய ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். அவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா, அடித்தளம் போட்டபின் முடிக்க இயலாமற்போனால் காண்போர் நகைக்க மாட்டார்களா என்பது அவர் எழுப்பும் கேள்வி. அந்த உவமையில் நகைப்புக்கு ஆளாகிறவன் கட்டியவன் ஒருவனே. அவனுக்குக் கடனாகக் கல் கொடுத்தவன், மண் சுமந்தவன், நாள்தோறும் சோறு கொண்டுவந்தவள் ஆகியோர் என்ன ஆனார்கள் என்பது அங்கே சொல்லப்படவில்லை. கால்பந்தாட்டத்தில் நாம் பார்க்க வேண்டியது சொல்லப்படாத அந்தப் பகுதியைத்தான்.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம் போர்ட்ஸ்மத். அந்நகரக் கழகம் 2008-ஆம் ஆண்டு மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 1939-க்குப் பிறகு முதன்முறை. ஏறத்தாழ 20,000 பேர் மட்டுமே அமரக்கூடிய பழைய மைதானத்தை வைத்துக்கொண்டு, அதைப்போல மூன்று மடங்கு கூட்டம் கூடும் கழகங்களோடு போட்டியிட்டு, புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்துப் பெற்ற வெற்றி அது. இரண்டு ஆண்டுகள் முழுமையாகக் கழியவில்லை. 2010 பிப்ரவரியில் அக்கழகம் நொடித்து, நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. பிரீமியர் லீகில் இருக்கும்போதே அந்நிலைக்கு வந்த முதல் கழகம் என்னும் பெயர் அதற்குக் கிடைத்தது. கடன் ஏறத்தாழ 12 கோடி பவுண்டு.

கடன் கொடுத்தோர் பட்டியல் வெளியானபோது அதில் ஒரு பெயர் பலர் கண்ணில் பட்டது: செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். ஆட்ட நாள்களில் மைதானத்து ஓரத்தில் நின்று, மயங்கி விழுந்தவருக்குத் தண்ணீர் தெளித்து, நெஞ்சு வலி கண்டவரைத் தூக்கிச் செல்லும் தன்னார்வத் தொண்டர்களின் அமைப்பு அது. அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி ஏறத்தாழ 2,700 பவுண்டு. அக்காலத்தில் பிரீமியர் லீகின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் ஒரே நாளில் ஈட்டியதைவிடக் குறைவான தொகை. அதைத் தீர்க்க அக்கழகத்துக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

கழகம் நொடித்தது என்பதோடு நின்றிருந்தால் துன்பம் அனைவருக்கும் பொது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஆங்கிலக் கால்பந்தாட்டத்தில் ஒரு விதி உண்டு. நொடித்த கழகம் ஒன்று லீகில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் தரவேண்டியதை முழுமையாகத் தந்தாக வேண்டும். எஞ்சியதைத்தான் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போர்ட்ஸ்மத்தில் பிணையில்லாமல் கடன் கொடுத்திருந்த சாதாரண மக்களுக்கும் வணிகர்களுக்கும் முன்வைக்கப்பட்ட தீர்வு பவுண்டுக்கு 20 பென்சு. அச்சடித்துக் கொடுத்தவர், குழாய் பழுது பார்த்தவர், உணவு வழங்கியவர் எல்லாரும் அந்த வரிசையில்தான். அரசின் வரித்துறையும் அதே வரிசை. வரித்துறை இவ்விதியை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றது. 2012 மே மாதம் தோற்றது. தீர்ப்பளித்த நீதிபதியே, இதை அவ்விதிக்குத் தாம் அளிக்கும் நற்சான்றாகக் கொள்ளலாகாது என்னும் பொருள்படக் குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது. சட்டம் அனுமதித்ததை மனச்சாட்சியால் வாழ்த்த இயலவில்லை.

இவ்விதிக்கு ஆதரவாளர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்போம். ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்குத் தரவேண்டியதைத் தராவிட்டால் அதுவும் விழும், அதை நம்பியிருக்கும் மூன்றாவதும் விழும். காசு கொடுக்காமலே ஆட்டக்காரனை வைத்து வென்றவன், காசு கொடுத்து வாங்கியவனுக்கு அநீதி இழைத்தவன் ஆவான். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தை அவர்கள் சொல்வதில்லை. எது நடந்தாலும் தன் பணம் முழுதாக வந்துசேரும் என்று தெரிந்தவன், வாங்குகிறவனின் மடியில் கனம் உண்டா என்று எதற்காகப் பார்க்கப் போகிறான்? ஓட்டாண்டிக் கழகத்துக்கும் கூசாமல் ஆளை விற்கிறான். எச்சரிக்கையாக இருக்கும் ஆற்றல் யாருக்கு உண்டோ அவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து முழுவதும், அக்கழகத்தின் கணக்கேட்டைக் கண்ணால் கண்டிராத குழாய்க்காரர் தலையில்.

கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட செல்வரை நோக்கி யாக்கோபு தம் திருமுகத்தில் விடுக்கும் கண்டனத்தை அறியாதவர் நம்முள் இலர். அறுவடை செய்தவனின் கூக்குரல் எவர் செவிக்கு எட்டுகிறது என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு அந்தக் கடன் பட்டியலைப் படியுங்கள். இவ்விதழில் பந்துக்கு என்ன வேலை என்பதற்கு என் முதல் பதில் இதுதான்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஆட்டக்காரர் மிகுதியாகச் சம்பாதிக்கிறார் என்னும் பொறாமை இக்கட்டுரையின் ஊற்று அன்று. இங்கிலாந்தில் 1961 வரை ஆட்டக்காரரின் வாரக்கூலிக்கு உச்சவரம்பு இருந்தது. இறுதியில் அது 20 பவுண்டு. ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகத்தின் இசைவின்றி அவர் வேறிடம் போக முடியாது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1963-இல் நீதிமன்றத்தில் வென்றதும், ஜான்-மார்க் போஸ்மான் 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றதும் உழைப்பாளியின் உரிமைக்குக் கிடைத்த வெற்றிகளே. திருத்தந்தை 13-ஆம் லியோவின் 1891-ஆம் ஆண்டுத் திருமடலை மதிக்கும் எவரும் அவற்றைக் குறைகூற மாட்டார். ஆட்டக்காரர் கேட்டதைப் பெற்றார். கொடுக்க இல்லாதவன் கொடுப்பதாக வாக்களித்தானே, வழக்கு அவன் மேல்தான்.

ஏன் வாக்களிக்கிறான்? பேராசை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. பிரீமியர் லீகில் 20 கழகங்கள். ஒவ்வோர் ஆண்டும் வெல்வது ஒன்று. கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுபவை மூன்று. இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் பாதாளத்துக்குப் போகிறது. ஆகவே ஒவ்வொருவரும் பக்கத்துக் கழகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கப் பார்க்கிறார். இருபது பேரும் செலவை இரட்டிப்பாக்கினால் என்ன நிகழும்? அப்போதும் ஒருவர்தான் வெல்வார், மூவர்தான் இறங்குவார். ஆட்டத்தின் முடிவில் ஒன்றும் மாறாது; கடன் மட்டும் இரட்டிப்பாகும். தேரோட்டம் பார்க்க முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றால் பின்னால் உள்ள அனைவரும் எழ வேண்டியதாகிறது. கால் வலித்ததுதான் மிச்சம், காட்சி முன்போலவே.

கணக்கு எழுதும் முறையும் இச்சோதனைக்குத் துணை நிற்கிறது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடிக்கு ஓர் ஆட்டக்காரனை வாங்கினால், ஏட்டில் ஆண்டுக்கு 1 கோடி மட்டுமே செலவாக ஏறும். எனவே இவ்வாண்டின் 5 கோடி வரவைக் காட்டி ஐவரை வாங்கலாம் போலத் தோன்றும். அடுத்த நான்கு ஆண்டுகளின் வரவும் அப்போதே அடகு போய்விட்டது என்பது ஆரவாரத்தில் கேட்பதில்லை. அவன் கால் முறிந்தாலும் ஏட்டில் அந்தக் கோடி ஆண்டுதோறும் ஏறிக்கொண்டேயிருக்கும். அதன்மேல் வாரக்கூலி வேறு.

லீட்ஸ் யுனைடெட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வருங்காலத்தில் ரசிகர்கள் வாங்கப்போகும் நுழைவுச்சீட்டுகளைப் பிணையாக வைத்து, 25 ஆண்டுகளில் திருப்பித் தருவதாக 6 கோடி பவுண்டு கடன் பெற்றது. 2001-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த போட்டியில் அரையிறுதி வரை சென்றது, 2004-இல் கீழ்ப்பிரிவில் விழுந்தது, மைதானத்தையும் விற்றது. தலைவரின் அறையில் அழகுக்காக வைத்த தங்க மீன்களுக்குக்கூட மாத வாடகை செலுத்தப்பட்டது பின்னர் தெரியவந்து, நாடே நகைத்தது. லூக்கா சொன்ன நகைப்பு! பார்சிலோனாவின் கதை இன்னும் அண்மையது. நெய்மாரை 2017-இல் விற்றுப் பெற்ற 22.2 கோடி யூரோவை அக்கழகம் விரைவிலேயே புதியவர்கள்மேல் கொட்டித் தீர்த்தது. 2021 ஆகஸ்டில் கடன் 135 கோடி யூரோ என்று அதன் தலைவரே அறிவித்தார். மெஸ்ஸியைப் பதிவு செய்ய இயலாமல் கண்ணீரோடு வழியனுப்ப நேர்ந்தது. பாடம் கற்றதா? மறு ஆண்டே தன் லீக் தொலைக்காட்சி வருமானத்தில் நான்கில் ஒரு பங்கை 25 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு மீண்டும் ஆட்டக்காரரை வாங்கியது. பசித்து வந்த ஏசாவாவது ஒரு கலம் கூழுக்குத் தன் தலைப்பேற்றை மட்டுமே விற்றான். இவர்கள் விற்றது இன்னும் பிறவாத பிள்ளைகளின் பங்கை.

தாலந்து உவமையைக் காட்டி எனக்கு மறுப்புச் சொல்லும் நண்பர்கள் உண்டு. புதைத்து வைத்தவன்தானே கடிந்துகொள்ளப்பட்டான், துணிந்து வாணிகம் செய்தவன் பாராட்டப்பட்டான் அல்லவா என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பணியாளர் வாணிகம் செய்தது தலைவன் கையில் கொடுத்துவிட்டுப் போன முதலைக் கொண்டு. அடுத்த வீட்டுக்காரனின் பணத்தை எடுத்துப் போட்டு, போனால் அவனுக்குப் போகட்டும் என்று அவன் துணியவில்லை.

என் இரண்டாவது பதில் கிளாஸ்கோ நகரில் இருக்கிறது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி அங்கே குடியேறிய ஏழைக் கத்தோலிக்கரின் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்தனர். மாரிஸ்ட் சபை அருட்சகோதரர் வால்ஃபிரிட் அவர்களுக்கு ஒரு பென்னி விலையில் மதிய உணவு அளிக்க ஏற்பாடு செய்தார். (கஞ்சித் தொட்டி நடத்திய பிற சபையாரிடம் நம் பிள்ளைகள் போய்விடுவார்களோ என்னும் கவலையும் அவருக்கு இருந்தது, மறைப்பானேன்?) அவ்வுணவுக்கு நிதி திரட்டவே 1887 நவம்பர் 6-ஆம் நாள், கால்டன் பகுதித் தூய மரியா ஆலயக் கூடத்தில் ஒரு கால்பந்தாட்டக் கழகம் தொடங்கப்பட்டது. அதுவே இன்று உலகறிந்த செல்டிக்.

இக்கதையை நம் மேடைகளில் சொல்வோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ச்சியையும் சொல்ல வேண்டும். எடின்பரோ நகரில் கேனன் ஹேனன் என்னும் பங்குத்தந்தையின் ஆதரவில் 1875-இல் தோன்றிய ஹிபர்னியன் என்னும் கழகம் ஏற்கெனவே இருந்தது. செல்டிக்குக்கு முன்மாதிரியும் அதுவே. 1888-இல் செல்டிக், அந்த அண்ணன் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் பலரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தில் 1893 வரை ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பதே விதிப்படி குற்றம். ஆயினும் வெறுங்கையோடு அழைத்தார்கள் என்று அக்காலத்தவரும் நம்பவில்லை. பிற இடர்களும் சேர, ஹிபர்னியன் 1891-இல் ஆட்டத்தையே நிறுத்தியது. மீண்டு வரச் சில காலமாயிற்று. பசித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகம், பிறந்த ஓராண்டுக்குள் மற்றொரு கத்தோலிக்கக் கழகத்தின் உலையில் கைவைத்தது. அருட்சகோதரர் 1892-இல் சபைத் தலைவர்களால் இலண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897-இல் செல்டிக் பங்கு நிறுவனமாயிற்று. உணவுக்குச் சென்றுகொண்டிருந்த பணம் வற்றியது. நன்னோக்கம் ஒன்றே ஒரு கழகத்தைக் காக்கும் என்று எண்ணுவோர் இதை இருமுறை படிக்கட்டும்.

அதே செல்டிக் 1994 மார்ச்சில் வங்கியின் பொறுமை தீர்ந்து, சில மணி நேரத்தில் வீழ்ந்திருக்கும். கனடாவில் தொழில் செய்து பொருளீட்டிய ஃபெர்கஸ் மெக்கான் என்பவர் வந்து அதை வாங்கினார். பங்குகளை ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்கே விற்று முதல் திரட்டினார்; 60,000 பேர் அமரும் மைதானம் கட்டினார்; ஆட்டக்காரர் செலவில் மட்டும் கையைச் சுருக்கினார். நகரின் மறுபாதியில் ரேஞ்சர்ஸ் கழகம் செல்டிக் ஒன்று செலவழித்தால் தான் இரண்டு செலவழிப்பதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1998-இல் செல்டிக் பத்தாண்டுகளில் முதன்முறையாக லீகை வென்றது. அவ்வெற்றிக் கொடியை ஏற்ற மெக்கான் களத்துக்கு வந்தபோது, அவர் காப்பாற்றிய ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தனர். குற்றம்? புதிய ஆட்டக்காரரை வாங்கப் பணம் தரவில்லை.

ரேஞ்சர்ஸ் 2011-இல் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2012 பிப்ரவரி 14-இல் நொடித்தது. கோடையில் பழைய நிறுவனம் கலைப்புக்குப் போக, கழகம் நான்காம் பிரிவின் அடித்தட்டிலிருந்து தொடங்கியது. ஆட்டக்காரர் சிலருக்கு அறக்கட்டளை வழியே வரியின்றிக் கொடுத்த பணம் வரிக்கு உரியதே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. அந்த வரி மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போயிருக்க வேண்டிய பணம். கத்தோலிக்கக் கழகம் பிழைத்தது, மற்றது வீழ்ந்தது என்று மகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. மெக்கான் வராதிருந்தால் இரண்டும் ஒரே குழியில்தான் கிடந்திருக்கும்.

இப்போது எதிர்வாதங்களுள் வலிமையான ஒன்றுக்கு வருகிறேன். வரவுக்கு ஏற்ற செலவு என்னும் விதி பெரியவனைப் பெரியவனாகவே வைத்திருக்கும் சதி என்கிறார்கள். ஐரோப்பியச் சம்மேளனம் அணிச் செலவை வரவில் நூற்றுக்கு 70 என்று வரையறுக்கிறது. நூறு கோடி வரவு உள்ளவனுக்கு எழுபது. பத்துக் கோடிக்காரனுக்கு ஏழு. நட்டவரம்பை மீறியதற்காக எவர்ட்டன் கழகத்துக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன; முறையீட்டில் அது 6 ஆயிற்று. அந்நகரத்து எளிய ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. இந்த வாதத்தின் முதல் பாதியை நான் ஏற்கிறேன். விகிதம் மட்டும் நீதி ஆகாது. தொலைக்காட்சிப் பணம் இன்னும் நிகராகப் பங்கிடப்பட வேண்டும். ஆனால் பெரியவனோடு போட்டியிடச் சின்னவனுக்குக் கடன்பட உரிமை வேண்டும் என்னும் இரண்டாம் பாதியை ஏற்பதற்கில்லை. அந்த உரிமை பெரி கழகத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது? 1885-இல் தோன்றி, 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கழகம் அது. 2019-இல் மேற்பிரிவுக்கு உயர்ந்தது. அதே மாதங்களில் ஆட்டக்காரருக்கும் ஊழியருக்கும் சம்பளமில்லை. ஆகஸ்ட் 27-இல் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. உயர்வு பெற்ற ஆண்டிலேயே ஊர் தன் கழகத்தை இழந்தது.

செல்வரான உரிமையாளர் தம் கழகத்துக்குக் கொட்டிக் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். ஆனால் அது கொடையாக இருக்கட்டும், கடனாக வேண்டாம். ஒப்பந்தம் முடியும் வரைக்குமான கூலியை முன்கூட்டியே வைப்பில் செலுத்திவிட்டு ஆட்டக்காரனை வாங்கட்டும். அவர் சலித்துப்போய் வெளியேறும் நாளில் எவருடைய அடுப்பும் அணையாது. நொடிப்பு நேர்ந்தாலோ, வரிசை தலைகீழாக வேண்டும்: சிற்றூழியர், சிறுவணிகர், தொண்டு அமைப்பு முதலில், ஆளை விற்ற பிற கழகங்கள் கடைசியில். பிணையில்லாக் கடனுக்குப் பவுண்டுக்கு 25 பென்சாவது தராவிட்டால் புள்ளிகள் குறைக்கப்படும் என்று கீழ்ப்பிரிவுகளின் லீக் 2015-இல் விதித்ததை முன்னேற்றம் என்கிறார்கள். நாலில் ஒரு பங்கு கூலி பெற்றவன் அதை முன்னேற்றம் என்று சொல்வானா எனத் தெரியவில்லை.

போர்ட்ஸ்மத் 2012-இல் மறுபடியும் நொடித்து, அடுத்த ஆண்டு நான்காம் பிரிவுக்குச் சரிந்தது. 2013-இல் அந்நகர மக்களே, பெரும்பாலோர் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டு, கழகத்தை வாங்கினர். பழைய கடன்களை அவர்கள் 2014-இல் கட்டி முடித்தார்கள். என்றோ புறப்பட்டுப் போய்விட்ட நட்சத்திர ஆட்டக்காரருக்குரிய பாக்கியும் அதில் அடக்கம். துறைமுகத் தொழிலாளி தன் சேமிப்பிலிருந்து கோடீஸ்வரருக்குக் கடன் தீர்த்த விந்தை அது. 2024-இல் அக்கழகம் மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறியது.

2025 ஜூலையில் இங்கிலாந்துக் கால்பந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கழகங்களுக்கு உரிமம் வழங்க அரசு சார்ந்த, ஆனால் தனித்து இயங்கும் ஒழுங்காணையம் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. உரிமம் கேட்டு வரும் ஒவ்வொரு கழகமும் தன் நிதித் திட்டத்தை அதன்முன் வைக்க வேண்டும். வண்ணப் படங்களோடு தடித்த அறிக்கைகள் வரும். அவற்றைப் புரட்டுமுன் மேசைக்கு அப்பால் இருப்பவர் ஒரு கேள்வி கேட்கட்டும்: சென்ற ஆண்டு உங்கள் மைதானத்தில் முதலுதவிக்கு நின்றவர்களுக்குப் பணம் கொடுத்தாயிற்றா? பற்றுச்சீட்டு எங்கே?